ஊதா மாறாத குப்பி

திங்கட்கிழமை காலை, மஞ்சளாகியிருக்க வேண்டிய ஒரு குட்டிக் குப்பி இன்குபேட்டருக்குள் ஊதாவாகவே நிற்பதைப் பார்த்ததும் அவருக்கு முதலில் வந்தது பயமில்லை, பரம சந்தோஷம்.

ஊசிமருந்துத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக, நீராவியால் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவ் ஓட்டுகிறவர். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் நீராவியின் சூட்டைத்தான் முதலில் சொல்லுவார் என்பதால் பெயரே 'நூத்தியிருபத்தொண்ணு' ஆகிவிட்டது. ஒவ்வொரு லோடிலும் மருந்துப் பாட்டில்களுக்கு நடுவே உயிருள்ள கிருமிக் குப்பிகளையும் வைப்பார்கள். கொதிநீரில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொள்ளும் ரகக் கிருமிகள் அவை. நீராவியில் செத்தால் குப்பி ஊதாவாகவே இருக்கும். பிழைத்தால் இன்குபேட்டரின் இளஞ்சூட்டில் வளர்ந்து மறுநாள் மஞ்சளாகும். ஒரு குப்பியை மட்டும் நீராவி காட்டாமல் சாட்சிக்கு வெளியே வைப்பார்கள். அது மஞ்சளாகியே தீர வேண்டும்.

ஊதாவாக நின்றது அந்தச் சாட்சிக் குப்பி. வைத்தவள், போன மாதம் வேலைக்குச் சேர்ந்தவள்.

சேர்ந்ததிலிருந்து அவள் போட்ட லோடு ஒன்றுகூடத் தோற்கவில்லை. "அவ கைராசிப்பா" என்று கேன்டீன்வரை பேச்சு. வெள்ளிக்கிழமை அறிவிக்கப்போகும் செக்‌ஷன் இன்சார்ஜ் பதவியும் அவளுக்குத்தானாம். அதைக் கேட்ட நாள்முதல் அவர் வயிறு எரிந்த எரிச்சலில் தொழிற்சாலைக்கு பாய்லரே தேவைப்பட்டிருக்காது.

மேனேஜரிடம் ஓடினார்.

"குப்பிங்க பழசா இருக்கும், வேற வச்சுப் பாருங்க. ஏண்ணே, அந்தப் பொண்ணுமேல உங்களுக்கு இவ்வளவு கடுப்பு?"

வைத்துப் பார்த்தார். ஒரே பெட்டியிலிருந்து பத்து, எதற்கும் நீராவி காட்டாமல். ஐந்து தன் தட்டில், ஐந்து அவளுக்குத் தெரியாமல் அவள் தட்டில். செவ்வாயன்று அவருடையவை ஐந்தும் எலுமிச்சை மஞ்சள். அவளுடையவை ஐந்தும் ஊதா. ஆத்திரம் தாங்காமல், கிருமி வளர்க்கும் கூழ்த்தட்டு ஒன்றில் தன் செருப்பின் அடியைத் தேய்த்து அவள் மேசைக்குள் ஒளித்தார். ஊரையே படுக்கவைக்கப் போதுமான அழுக்கு. வியாழக்கிழமை எடுத்துப் பார்த்தால், தட்டு கழுவிய கண்ணாடிபோல் மின்னியது. ஒரு புள்ளி இல்லை.

மேசைக்குள் மறுபடியும் கையை விட்டுத் துழாவினார்.

"என்னண்ணே தேடுறீங்க?" பின்னால் அவள்.

"உன் கைராசியத்தான். எங்களுக்கும் கொஞ்சம் குடுக்கலாம்ல?"

"நிஜமாவே வேணுமா?"

"பத்தொன்பது வருசமா உழைக்கிறேன். எனக்கில்லாம யாருக்கு?"

அவள் கையுறையைக் கழற்றி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சூடாக இல்லை. சில்லென்றும் இல்லை. எதுவுமாகவே இல்லை. பிடித்த கையை அவள் விட்டபோது அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"யாருமே கேட்டதில்லண்ணே."

வெள்ளிக்கிழமை அவளுடைய சாட்சிக் குப்பி மஞ்சளாகியிருந்தது. அதைக் கன்னத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு சிரித்தாள். மேனேஜரிடம் போய், "இன்சார்ஜ் அண்ணனுக்கே குடுங்க, நான் வேலைய விடுறேன்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சாட்சிக் குப்பி ஊதா.

வீட்டில் நிறைமாத மனைவி அவருடைய சட்டையை வாங்கி முகர்ந்தாள்.

"காலைலேர்ந்து போட்ட சட்டை. வேர்வை வாடையே காணோமே?"

அவர் அக்குளை முகர்ந்தார். வாடையில்லை. வாடையைக் கிளப்புகிற கிருமியே இல்லை. உள்ளங்கையில் ஊதி முகர்ந்தார். ஒன்றுமில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்சார்ஜ் ஐயாவுக்குக் கைகுடுக்கணுமாம் உள்ள இருக்கறவரு. காலைலேர்ந்து ஒரே உதை. இங்க வைங்க."

"வேணாம்மா."

"ரொம்பத்தான் பிகு."

"சொன்னாக் கேளு, தொடாத."

இழுத்து வைத்தே விட்டாள்.

உள்ளங்கைக்குக் கீழே ஓர் உதை. பலமாக.

இன்னொன்று. மெதுவாக.

அப்புறம், விரல் நுனியால் வருடியதுபோல் ஒன்று.

கையை உருவப் பார்த்தார்.

"இருங்க, இன்னும் உதைப்பாரு" என்று சிரித்துக்கொண்டே, அவள் தன் இரண்டு கைகளாலும் அவர் கையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.