ஆறு சுற்றுக் காப்பு

கிருபானந்தன் அந்த அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூற்றாறு ஜனவரியில். இல்-பிசார் தீவுக்குப் போகும் பாலத்துக்கு இப்பால், பழைய கல்வீடு ஒன்றில் இருந்தது அது. நிலவறை முழுக்க எஸ்தோனியா, லாத்வியா பக்கத்துப் புதைகுழிகளில் எடுத்த பொருட்கள்: சட்டை ஊசிகள், சங்கிலிகள், வேண்டுமென்றே வளைக்கப்பட்ட ஒரு வாள். உலக யுத்தத்துக்குத் தப்பி அங்கிருந்து கப்பலேறி வந்த வைத்தியர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனவை.

கடைசிக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு குழந்தையின் வெண்கலக் காப்பு. ஆறு சுற்றுச் சுருள். அதன் அருகே புளியங்கொட்டை அளவில் மூன்று மணிகள். எல்லாவற்றிலும் எண்ணூறு வருஷத்துப் பச்சைக் களிம்பு.

கிருபானந்தனின் மனம் மரத்துப்போயிருந்தது. இரண்டு பிள்ளைகள் மனைவி தாட்சாயினியின் வயிற்றில் தங்கவில்லை. இது மூன்றாவது, எட்டு மாதம் கடந்திருந்தது. அவன் மகிழவும் இல்லை, பயப்படவும் இல்லை. கண்ணாடி துடைத்தான், நிலம் கழுவினான். நாலரைக்கு, வெளியே இருட்டிக்கொண்டு வரும்போது, விளக்கை அணைத்துவிட்டு, ஆளில்லாத அந்த அறையைப் பார்த்து வீட்டுப் பழக்கத்தில் விடைபெறுவான்.

"போட்டு வாறன்."

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் கிழமையில், அதற்குப் பதில்போல ஒரு மணி கேட்டது.

ஒரே ஒரு முறை. பெட்டிக்குள்ளிருந்து.

ஈர மண் மணத்தது. வெளியே நிலம் முழங்கை ஆழத்துக்கு உறைந்து கிடந்தது.

தான் விடைபெறுவதையும் மணி கேட்டதையும் மறுநாள் வாசல் காவலாளி பத்திநாதரிடம் சொன்னான். பாஷையூர்க்காரர், எதையும் பகிடியாக எடுப்பவர்.

"உதெல்லாம் செத்தாக்களின்ர சாமான், தெரியுமோ?"

"ஓம் அண்ணை."

"செத்த வீட்டிலயிருந்து வெளிக்கிடேக்க ஆரும் சொல்லிப்போட்டு வாறதே? நீயென்னடா, பொம்பிளை எடுத்த வீடு மாதிரி ஒவ்வொரு நாளும் வாறன், வாறன் எண்டு..." சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தினார். "எத்தினை நாளாச் சொல்லுறாய்?"

"பதினேழு."

பத்திநாதர் குரலைத் தாழ்த்தினார். "அந்த மணி ஏன் தெரியுமே? பிள்ளை எங்க நிக்குதெண்டு தாய்க்குக் கேக்கத்தானாம். பெட்டியில எழுதிக்கிடக்கு."

அன்று அவன் சொல்லவில்லை. விளக்கை அணைத்தான். படியேறினான்.

மூன்றாம் படியில், பின்னால் மணி.

நாலாம் படியில், மணி.

நின்றான். அதுவும் நின்றது.

திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. அங்கேயும் ஈர மண் மணம். அவனுடைய சப்பாத்தின் பனித் தடத்துக்குப் பக்கத்தில் வேறு தடம் இல்லை. அதை மட்டும் பார்த்துக்கொண்டே போனான்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு யோகராணி நின்றாள். "தாட்சாயினிக்குத் தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுது தம்பி. ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ."

மறுநாள் மத்தியானம் பெண்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் சொன்ன நாளுக்குப் பத்து நாள் முந்தி. உயிரோடு, முழுச் சுகமாக.

"இஞ்சருங்கோ, கையைப் பாருங்கோ," என்றாள் தாட்சாயினி மெதுவாக. "நர்ஸ் துடைச்சவ. போகுதில்லை."

இடது மணிக்கட்டில் பச்சைக் கோடுகள், நூல் சுற்றினதுபோல. அவன் எண்ணினான்.

ஆறு.

நெஞ்சில் ஒன்றும் எழவில்லை. விரலால் தொட்டான். கை சூடாக இருந்தது, கோடுகள் குளிர்ந்திருந்தன.

பார்வையாளர் நேரம் முடிந்தது. அவன் கோட்டை எடுத்துக்கொண்டு பேசாமல் கதவுக்குப் போனான்.

"என்ன, சொல்லாமலே போறியள்?" தாட்சாயினி களைப்போடு சிரித்தாள். "இதென்ன, செத்த வீடே?"

கதவுப்பிடியில் அவன் கை நின்றது. 'வாறன்' என்றால் யாருக்குச் சொன்னதாக ஆகும்? சொல்லாமல் போனால் இந்த அறை என்னவாக ஆகும்?

பிடியைத் திருப்பினான்.

தொட்டிலுக்குள் ஒரு மணி கேட்டது.

தாட்சாயினி, வெகு நாள் பழகிய தாயைப்போல, அந்தப் பக்கம் திரும்பினாள்.