மறைத்த இடம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இந்தத் தொழிற்சாலையில் இன்று முதல் குறை என்ற ஒன்று கிடையாது. குறை பூஜ்யம், தாமதம் பூஜ்யம், விபத்து பூஜ்யம். உலகம் இதற்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்தது என்பதுபோல் மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒலிபெருக்கியில் இதைச் சொன்னார். கைதட்டல் ஓய்வதற்குள் தொழிலாளர்கள் அவருக்குப் 'பூஜ்யம்' என்று பெயர் வைத்து முடித்திருந்தார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் பிரஸ் நின்றது.

எஃகுத் தகட்டை ஒரே அடியில் தட்டாக வளைக்கும் பெரிய பிரஸ் அது. அதன் தலைக்கு மேலே ஒரு கேமரா. உள்ளே வரும் தகட்டில் கீறல் இருக்கிறதா என்று அது பார்க்க வேண்டும். தகட்டைத் தவிர வேறு எது இருந்தாலும், ஒரு விரல் நுனியே ஆனாலும், பிரஸ்ஸை நிறுத்தவும் வேண்டும். இரண்டு வேலைக்கு இரண்டு கருவி வாங்குவதுதான் முறை. பூஜ்யம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்திருந்தார். கல் எங்கே போய் விழும் என்று மாங்காய் அடிக்கிறவர்கள் பார்ப்பதில்லை.

கேமராக்காரரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு வேறு பெயரும் இருந்தது. அது வருகைப் பதிவுக்கு மட்டும் பயன்பட்டது. திரையில், தகட்டின் இடது ஓரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை. தகட்டைத் துடைத்தார். வேறு தகடு வைத்தார். கறை அங்கேயே இருந்தது.

"நிழல்தான் சார். எஃகு கண்ணாடி மாதிரி, சுத்தி இருக்கிறதெல்லாம் அதுல விழும். வெளிச்சத்த சரி பண்ணா போயிடும்."

"போகணும்" என்றார் பூஜ்யம். "வியாழக்கிழமை வெளிநாட்டு வாடிக்கையாளர் வர்றாங்க. மெஷின் நின்னா உங்க வேலையும் நிக்கும். உங்க மச்சினன் வேலையும் சேர்த்து."

மச்சினன் என்றது கேமராக்காரர் மனைவியின் தம்பியை. பிரஸ்ஸில் தகடு போடுகிறவன். அவனைச் சேர்த்துவிட்டவரே கேமராக்காரர்தான். 'உங்கள நம்பித்தான் அனுப்புறேன், போன மாதிரியே முழுசா திரும்பி வரணும்' என்று மனைவி சொன்னதில் பாதிதான் வேடிக்கை. அவன் எப்போதும் தொப்பியை, அதன் நாக்கு பின்பக்கம் வரும்படி, திருப்பிப் போடுவான். கழுத்தில் வெயில் படாமல் இருக்கவாம்.

"ஜன்னலே இல்லாத இடத்துல ஏதுடா வெயில்?"

"பாத்தீங்களா மாமா, தொப்பி வேலை செய்யுது."

கேமராக்காரர் விளக்கு வளையத்தைத் தாழ்த்தினார். வெள்ளைக் கிண்ணம் போன்ற மூடியைக் கவிழ்த்து வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் பரப்பினார். லென்சின் முன்னால் பளபளப்பை வெட்டும் கண்ணாடி மாட்டினார். கூரை விளக்கின் ஒளி எட்டிப் பார்க்காதபடி பிரஸ்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணியால் கூடாரம் கட்டினார். ஒவ்வொன்றும் பளபளப்பைக் குறைத்தது, புத்தகத்தில் சொன்னபடியே. ஒவ்வொன்றும் கறையை இன்னும் கொஞ்சம் தெளிவாக்கியது, அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"என்ன மாமா, பேய்க்கு பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறீங்களா?" துணிக்கு வெளியே மைத்துனனின் குரல்.

"வாய மூடிட்டு விளக்க அணை மாப்ள."

எல்லா விளக்கும் அணைந்தது. லென்சையும் மூடினார். மூடிய கேமராவின் படம்கூட முழுக் கறுப்பாக இருப்பதில்லை. உள்ளே ஓடும் மின்சாரத்தின் கொசகொசப்பு, கறுப்பு மணலைத் தூவியதுபோல், எப்போதும் திரையில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் எண்ணில் சொன்னால் நான்கு, மூன்று, ஐந்து. பூஜ்யம் மட்டும் வராது. ஆறிய எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த வாடையில், தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்க, அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணல் ஊர்ந்தது. இடது ஓரத்தில் ஊரவில்லை. அங்கே எல்லாம் பூஜ்யம்.

மூடிய கண்ணுக்குள் நிழல் விழ என்ன வழி?

கூடாரத் துணி மெல்ல உள்பக்கம் உறிஞ்சப்பட்டு, பிறகு தளர்ந்தது. காற்று வால்வுதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். கையால் தடவிப் பார்த்தார். வால்வு மூடியிருந்தது.

புதன்கிழமை மாலைக்குள் பூஜ்யத்துக்குப் பொறுமையும் பூஜ்யம். "அந்த இடத்த மட்டும் பாக்காதேன்னு மெஷினுக்குச் சொல்ல முடியாதா?"

"மறைச்சு விடலாம் சார். ஆனா அங்க ஒரு கை வந்தாலும் பாக்காது."

"கை ஏன் வரப்போகுது? அதான் விபத்து பூஜ்யமாச்சே."

மறைப்பது இந்தத் தொழிலில் பழகிப்போன விஷயம். சோம்பேறிகள் அவசரமாக ஒரு சதுரம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். கேமராக்காரர் சோம்பேறி இல்லை. மறைக்கும் இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று நம்புகிறவர். கறை இப்போது வளர்ந்திருந்தது. அதன் ஓரத்தை ஒட்டி, ஒரு நூல்கூடத் தாண்டாமல், புள்ளி புள்ளியாகக் கோடு போட்டார். உருண்டையாக ஒன்று. அதன் இரு பக்கமும் சரிவு. ஒரு பக்கச் சரிவு நீண்டு, நுனியில் ஐந்தாகப் பிரிந்தது. உருண்டையின் பின்னால் பிறைபோல ஒரு நீட்டல். கடைசிப் புள்ளி முதல் புள்ளியைத் தொட்டதும் கோடு மஞ்சளாக மின்னி மூடிக்கொண்டது.

அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. குனிந்து கையை நீட்டும் ஒரு மனிதன், மேலிருந்து பார்த்தால்.

பிறை, தொப்பியின் நாக்கு.

அவர் வாய் திறப்பதற்குள் பூஜ்யம் பொத்தானை அழுத்தினார். பிரஸ் ஓடத் தொடங்கியது. ஸ்ஸ்... டம். ஸ்ஸ்... டம். விழுவதற்கு முன்னால் அது ஒவ்வொரு முறையும் மூச்சு இழுத்துக்கொள்வதை இத்தனை வருடத்தில் அவர் இன்றுதான் கவனித்தார்.

வியாழக்கிழமை காலை, வரைந்த கோட்டை அழித்துவிடலாம் என்று சீக்கிரமே வந்தார். மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. கடவுச்சொல்லை மாற்றியிருந்தார்கள்.

"யாரும் கை வைக்கக்கூடாதுன்னு நான்தான் மாத்தினேன்" என்றார் பூஜ்யம், புதுக் கோட் சூட்டுக்குள் திணறிக்கொண்டு. "விருந்தாளிங்க போனதும் பாத்துக்கலாம்."

வழியில்லாமல் கேமராக்காரர் மைத்துனனை ஓரமாக இழுத்துப் போனார்.

"மாப்ள, வீட்டுக்குப் போ. காய்ச்சல்னு சொல்லிக்கிறேன்."

"யாருக்கு, எனக்கா? உங்களுக்குத்தான் காய்ச்சல் மாதிரி இருக்கு."

"போடா. உங்கக்கா மேல ஆணை."

அவன் சிரித்துக்கொண்டே போனான். கேமராக்காரர் கண்ணாடி அறைக்குள் போய்த் திரைமுன் உட்கார்ந்தார். மஞ்சள் கோடு இருந்தது. கோட்டுக்குள் கறுப்பு இல்லை. பளபளவென்று வெறும் எஃகு. நிழல் போய்விட்டிருந்தது. தன் பயத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டார்.

கதவு திறந்தது. திருப்பிப் போட்ட தொப்பி உள்ளே எட்டிப் பார்த்தது.

"பூஜ்யம் போன் பண்ணி வரச் சொல்லிட்டாரு மாமா. காய்ச்சலும் பூஜ்யம்னு சொல்லிட்டேன்."

நிழல் ஏன் போனது என்று அவருக்கு அப்போது புரிந்தது: ஆளுக்கு இடம் விட்டிருந்தது.

"தள்ளி நில்லு. என்ன சிக்கினாலும் கைய மட்டும் உள்ள விடாதே. தொப்பியைக் கழட்டு."

"சரி மாமா, சரி." தொப்பியைக் கழற்றிக் காட்டிவிட்டு, நடந்துகொண்டே மறுபடி மாட்டிக்கொண்டான்.

விருந்தாளிகள் வந்தார்கள். அவர்கள் பார்க்கும்படி துணிக் கூடாரத்தின் முன்பக்கத்தை விலக்கிக் கட்டியிருந்தார்கள். பூஜ்யம் ஒலிபெருக்கியைப் பிடித்தார். தகடுகள் வரிசையாக உள்ளே போயின. ஸ்ஸ்... டம். ஸ்ஸ்... டம். பச்சை விளக்கு. ஒரு தகடு கோணலாகப் போனது. அதன் ஓரம் தூக்கிக்கொண்டது, கோட்டுக்குள், மறைத்த இடத்தில். மெஷின் அதைப் பார்க்கவில்லை. ஒரு விருந்தாளி பார்த்தார். அவர் பார்த்ததைப் பூஜ்யம் பார்த்தார். பேச்சை நிறுத்தாமல், மைத்துனனை நோக்கிக் கண்ணை மட்டும் அசைத்தார்.

திரையில் ஒரு கை.

கோட்டின் விரல்களுக்குள் விரல்கள் நுழைந்தன, உறைக்குள் நுழைவதுபோல. பிறகு தோள். பிறகு தலை. தொப்பியின் நாக்கு பிறைக்குள் போய் உட்கார்ந்தது. எங்கும் ஒரு நூல் இடம் மிச்சமில்லை. அவ்வளவு சுத்தமாக வரைந்திருந்தார்.

கத்தினார். "விபத்து பூஜ்யம்" என்றது ஒலிபெருக்கி. கைதட்டல்.

ஓடினார். கண்ணாடிக் கதவு. முதுகுகள். கோட்டு போட்ட முதுகுகள். பிரஸ்ஸை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அவற்றுக்கு அப்பால்.

ஸ்ஸ்...

பச்சை.

டம்.

கைதட்டல் நின்றது. யாரோ ஒருவர் மட்டும், புரியாமல், இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். கேமராக்காரரால் பிரஸ்ஸைப் பார்க்க முடியவில்லை. திரும்பினார். கண்ணாடிக்குப் பின்னால் திரை தெரிந்தது. கோடு அப்படியே இருந்தது. அதற்குள் கறுப்பு. மணல் ஊராத கறுப்பு. அது மெதுவாகக் கையை மடக்கியது. கோட்டுக்குள்ளேயே நிமிர்ந்தது. மேலே, லென்சை நோக்கி, முகமில்லாத முகத்தைத் தூக்கியது.

திரையின் அடியில் மெஷின் அந்தத் தட்டுக்கான முடிவைக் காட்டியது: குறை இல்லை.