பிடித்து வைத்த இடம்

கச்சான் கடலை வறுபடும் வாசம் குசினிக்குள்ளிருந்துதான் வந்தது. ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு அடுப்பே மூட்டப்படவில்லை. தங்கேஸ்வரி சாம்பலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். குளிர்ந்து கிடந்தது. சூடேறிய கடல்மண்ணுக்குள் கோதோடு புரளும் கச்சானின் வாசம், கோது கருகத் தொடங்கும்போது எழும் அந்த மெல்லிய கசப்பு, எல்லாம் அப்படியே மூக்கில் ஏறியது. யுத்தகால இருட்டடிப்புச் சட்டத்துக்காக யன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்ததால் வாசம் வெளியே போக வழியில்லாமல் அறைக்கு அறை நகர்ந்து, அலுமாரிக்குள் மடித்து வைத்த சேலைகளிலும் போய் ஒட்டிக்கொண்டது. ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டு அது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் எல்லாம் படைக்குத்தான் சாமான் இறக்கின. ஊர்ச் சனத்துக்கு அரிசியே கூப்பனுக்குத்தான். கச்சானைக் கண்ணால் கண்டு ஒரு வருடமாகிறது.

ஏழு மணிக்கு வேலையால் வந்த புருஷன் கதிரவேல் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, எண்ணெய் மணம்தான் வருகிறது என்றான். துறைமுகக் களஞ்சியத்தில் வேலை செய்கிறவனுக்கு எல்லாமே எண்ணெய் மணம்தான். அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுடைய தகப்பன் தம்பையாவிடம் ஒரு வண்டில் இருந்தது. மாரி முடிந்து கடல் அடங்கியதும், படம் காட்டுகிறவன் ஒருவன் கொழும்பிலிருந்து வந்து கடற்கரை வெளியில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவான். கதிரை, வாங்கு ஒன்றும் கிடையாது. வண்டில் உள்ளவர்கள் வண்டிலோடு போவார்கள். தம்பையா மாடுகளை அவிழ்த்துவிட்டு, வண்டிலின் பின்புறத்தைத் துணிக்கு நேரே திருப்பி, நுகத்தடிக்கு முட்டுக் கொடுப்பார். தாய் சீதேவி வைக்கோலைப் பரப்பி மேலே பாய் விரிப்பாள். பிறகு அவள் மடியிலிருந்த மூட்டை அவிழும்: அவித்த பனங்கிழங்கு, எள்ளுப்பாகு, கடைசியாகக் கடதாசிச் சுருள்களில் சூடான கச்சான். வலது மூலை தங்கேஸ்வரிக்கு. கல்யாணமாகிப் போன பிறகும் அந்த மூலையை அவளுக்காகக் காத்தது தங்கச்சி புஸ்பராணிதான். வேறு யாரும் ஏறி இருக்க முடியாதபடி காலை நீட்டிக்கொண்டு இருப்பாள்.

தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அந்தக் காலத்தைப் பற்றிக் கதைக்கும்போது அவர்களுக்கு வாயூறும். தங்கேஸ்வரி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவளுக்கு அது காறிப்போன கச்சானை மென்ற மாதிரி. துப்பவும் ஏலாது, விழுங்கவும் ஏலாது.

போன வருடம் சித்திரையில், குண்டு போடப் போகிறார்கள் என்ற கதை ஊருக்குள் வந்தபோது, தாயையும் தகப்பனையும் விடியமுன் வண்டில் கட்ட வைத்தவள் அவள்தான். ஊருக்கு வெளியே, கப்பல்துறை என்ற கிராமத்தில் சித்தி வீடு இருந்தது. தம்பையா மனமில்லாமல் மாட்டைப் பூட்டினார். ஒன்பது வயதுப் புஸ்பராணியோ வாசற் படலைக் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று கத்தினாள். தங்கேஸ்வரி அவள் முன்னால் குந்தினாள்.

“கப்பல்துறையில படம் போடுறாங்களாம். நீங்கள் எல்லாரும் முன்னுக்குப் போங்கோ. நான் பின்னால வாறன். எனக்கு இடம் பிடிச்சு வை.”

வீட்டிலிருந்த கடைசிக் கச்சானைச் சுருட்டி அவள் கையில் வைத்தாள். பிள்ளை உடனே நம்பியது. கண்டி வீதியில் வண்டில் சீனக்குடாவைத் தாண்டுகிற நேரத்தில் விமானங்கள் வந்தன. குண்டு விழுந்த அந்த இடத்து எண்ணெய்த் தாங்கி ஒரு கிழமை எரிந்தது. தேடிப் போன கதிரவேல், அங்கே எதையும் பிரித்தறிய ஏலாது என்று மட்டும் வந்து சொன்னான். மாடுமில்லை, வண்டில் சில்லுமில்லை. அவனுக்குத் துறைமுகத்தில் லீவு கொடுக்காதபடியால்தான் அவள் தங்கினாள். ‘நீயும் போ’ என்று அவன் ஒரு சொல் சொல்லவில்லை. அவள் அதை மன்னிக்கவில்லை. மன்னிக்கவில்லை என்று சொன்னதுமில்லை.

அடுத்த நாள் பின்னேரம் குசினி மூலையில் கச்சான் கோது குவிந்து கிடந்தது. ஒரு கை அளவு. அவள் குனிந்து ஒன்றை எடுத்தாள். ஈரமாக இருந்தது. பிள்ளைகள் பல்லால் கடித்துத் துப்புகிற ஈரம். கூட்டி அள்ளி வளவுக்குள் எறிந்துவிட்டுக் கையை மூன்று தரம் கழுவினாள். கதிரவேலிடம் சொல்லவில்லை. அணில் கொண்டு வந்திருக்கும் என்பான்.

மூன்றாம் நாள் காலையில் அவனை வேலைக்குப் போகவேண்டாம் என்று கேட்டாள்.

“கப்பல் வந்து நிக்குது. போகாமல் இருக்க ஏலாது,” என்றான் அவன். “கண்டதையும் யோசிச்சுக்கொண்டிராதை.”

போன வருடமும் இதே சொற்கள்தான். அவன் போய்விட்டான்.

பக்கத்து வளவில் இருந்த றம்லா, குண்டு விழுந்த பிறகு குடிவந்தவள். தங்கேஸ்வரியின் வீட்டாரை அவள் கண்டதில்லை, அவர்களுக்கு நடந்ததும் தெரியாது. கிண்ணியாவில் தாய்க்குச் சுகமில்லை, பிள்ளைகளோடு போகிறேன் என்று சொல்லிக்கொள்ள மத்தியானம் வேலியடிக்கு வந்தாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

“நேத்துப் பின்னேரம் உங்கட ஆக்கள் வண்டில் கட்டிக்கொண்டு வந்தாங்களே, புள்ள. படலையடியில நெடுநேரம் நின்டாங்க. நீ ஏன் உள்ளுக்குக் கூப்பிடல்ல?”

எத்தனை பேர் என்று தங்கேஸ்வரி கேட்டாள். தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது.

“வயசான ரெண்டு பேர், ஒரு சின்னப்புள்ள. அந்தப் புள்ள காலை நீட்டிக்கொண்டு இருந்திச்சு. யாரையும் ஏற விடாது போல.” றம்லா சிரித்தாள்.

அவள் போன பிறகு தங்கேஸ்வரி படலையைத் திறந்து பார்த்தாள். ஒழுங்கை மணலில் இரண்டு சில்லுத் தடங்கள் படலை வரைக்கும் வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

பொழுது சாய்ந்தது. வாசம் தொடங்கியது. இந்தமுறை அதற்கு அடியில் இன்னொரு வாசமும் இருந்தது: தீய்ந்த மயிர், எண்ணெய்ப் புகை. இந்த வீட்டில் தனியே இருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. துறைமுக வாசலுக்குப் போய் நிற்பாள். வேலை விட்டு வரும் கதிரவேலோடு சேர்ந்து திரும்பி வருவாள். கதவைச் சாத்திவிட்டு இறங்கினாள்.

வீதியில் ஒரு வெளிச்சமும் இல்லை. மறைத்த யன்னல்களோடு வீடுகள் கண்ணை மூடிக்கொண்டு நின்றன. வலப்பக்கத்தில் குடாவுக்குள் விளக்கணைத்த கப்பல்கள், கடலை விடக் கறுப்பாக, ஒன்றோடொன்று சங்கிலியை உரசிக்கொண்டு கிடந்தன. அவளுடைய காலடி. காற்று. பிறகு பின்னால், மாட்டின் கழுத்து மணி. அவள் நின்றாள். மணியும் நின்றது. அவள் நடந்தாள். மணியும் நடந்தது.

ஓடினாள்.

கடற்கரை வெளியைக் கடற்படை முள்ளுக்கம்பி அடித்து மறித்து மூன்று வருடம். கம்பியைக் கையால் தொட்டுக்கொண்டே போனால் துறை வாசல் வரும். அவள் கையை நீட்டினாள். கம்பி இல்லை. இன்னும் எட்டினாள். இல்லை. காலடியில் வீதியும் இல்லை, மணல்.

எதிரே இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைத் துணி. காற்றடித்தும் அது அசையவில்லை.

அதற்கு நேரே வண்டில். மாடுகள் அவிழ்க்கப்பட்டிருந்தன. மாடுகளே இல்லை. வண்டிலுக்குள் இரண்டு முதுகுகளும், அவற்றுக்கு நடுவே ஒரு சின்ன முதுகும். மெல்லுகிற சத்தம். மெதுவாக, ஒரே சீராக, மூன்று வாய்கள்.

திரும்ப நினைத்தாள். விரல்களுக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது. சூடாக இருந்தது. வறுத்த மண்ணின் சூடு.

“அக்கா, ஏன் இவ்வளவு நேரம்? எத்தினை பேர் கேட்டவங்கள் தெரியுமே. நான் விடேல்லை.”

ஏறியது அவளுக்கு ஞாபகமில்லை. வலது மூலையில் இருந்தாள். முதுகுக்குப் பின்னால் பலகை. கரியாகிப் போன பலகை, சேலையில் உதிர்ந்தது. தாயின் கை சுருளொன்றை நீட்டியது. அவள் அந்தக் கையைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. வாய்க்குள் எப்போது போட்டாள்? வாய் நிறைந்திருந்தது. கச்சானும் மண்ணும். மென்றாள். அவளும் மென்றாள்.

துணியில் வெளிச்சம் விழுந்தது.

அவளுடைய வீடு. குசினி, குளிர்ந்த அடுப்பு, சாத்திய கதவு. கதவு திறந்தது. கதிரவேல் உள்ளே வந்தான். சத்தமில்லாமல் வாயைத் திறந்து அவள் பெயரைக் கூப்பிட்டான். அறையைப் பார்த்தான். கிணற்றடியைப் பார்த்தான். றம்லாவின் பூட்டிய கதவைத் தட்டினான். பிறகு படலையடியில் குனிந்து, மணலில் எதையோ உற்றுப் பார்த்தான். நிமிர்ந்தான். கடற்கரைப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினான்.

வராதேங்கோ என்று கத்த வேண்டும். மண் தொண்டையை அடைத்தது. துணிக்குள் அவன் பெருத்துக்கொண்டே வந்தான். முகம். கண். பயந்த கண்.

“அத்தான் வாறார்,” என்றாள் புஸ்பராணி.

தகப்பன் சற்றுத் தள்ளி இருந்தார். தாயும் தள்ளினாள். பிள்ளை நீட்டியிருந்த காலை மடித்துக்கொண்டது. தங்கேஸ்வரியின் உடம்பும், அவளைக் கேளாமலே, மெல்ல நகர்ந்து ஒரு ஆள் இருக்கும் அளவுக்கு இடம் விட்டது.