கழித்துவிட்ட ஒன்பது

விளக்கு பச்சையாக எரிந்தது.

கடலைமிட்டாய்த் தட்டின் மேல் பிடித்திருந்த கைவயதுமானியை ஜெயக்கொடி இன்னொரு முறை அழுத்தினாள். மறுபடியும் பச்சை. ஒரு பொருளைத் தொட்ட கைகளின் வியர்வையிலிருந்து அவற்றின் வயதைச் சொல்லும் கருவி அது. பதினான்குக்குக் கீழே ஒரு விரல் பட்டிருந்தாலும் சிவப்பு எரியும்.

தாள் சுற்றும் வரிசையின் கடைசியில் ஒரு சிறு பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை.

"வளத்தி கம்மி மேடம். பதினேழு முடிஞ்சிருச்சு," என்றார் ஆலைக்காரர் குருவையா. "ஒங்க மெஷினே சொல்லுதே."

அந்தப் பெண் நிமிர்ந்து ஜெயக்கொடியைப் பார்த்தாள். ஜெயக்கொடியும் பார்த்தாள்.

ஆய்வாளரின் கண் இப்போது சாட்சி இல்லை. கண்ணை விலைக்கு வாங்கலாம், கருவியை வாங்க முடியாது என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஐயம் இருந்தால் எழுதச் சான்றிதழில் ஒரு கட்டம் உண்டு. எழுதினால் விளக்கம் கேட்பார்கள். ஜெயக்கொடி அதைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மாதம் கருவிகளைச் சரிபார்க்கப் பரிதி என்ற இளைஞன் அலுவலகத்துக்கு வந்தான். அவளுடையதைத் திறந்து கழிவுப் பட்டியலைப் படித்தான். தினமும் காலையில் ஆய்வாளர் கருவியைத் தன் மேல் தலைமுதல் கால்வரை ஓட்ட வேண்டும். ஏற்கெனவே அவர் மேல் பட்டிருக்கும் கைகளை அது கழித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் வீட்டுப் பிள்ளை பிடித்து இழுத்த சேலை ஆலையில் சிவப்புக் காட்டும்.

"வீட்டுல ஒம்பது வயசுல யாரு மேடம்?"

யாருமில்லை என்றாள். ஒரே மகன் கல்லூரி விடுதியில் இருக்கிறான்.

"தெனமும் ஒம்பது விழுந்திருக்கே. போன வருஷம் எட்டு." அவன் தயங்கினான். "இதுக்கு ஆளு தெரியாது மேடம், வயசுதான் தெரியும். ஒம்பதக் கழிச்சுட்டா, எங்க போனாலும் ஒம்பது தெரியாது."

பட்டியலை அழித்துவிட்டு, கருவியை அவள் மேல் ஓட்டினான். பின்னந்தலைக்கு வந்ததும் சிவந்தது. கொண்டையில் மல்லிகைச் சரம்.

பேருந்து நிறுத்தத்தில் தாயும் மகளும் பூக் கட்டுகிறார்கள். ஜெயக்கொடி எப்போதும் மகள் கட்டியதைத்தான் வாங்குவாள். சின்ன விரல், நெருக்கமாகக் கட்டும்.

மற்ற ஆய்வாளர்களின் கருவிகள் எப்படி என்று கேட்டாள். ஏழு, பத்து, பன்னிரண்டு என்று எல்லாவற்றிலும் ஏதாவது இருக்கிறதாம். கேட்டால் எல்லோரும் சொந்தக்காரப் பிள்ளை என்கிறார்களாம்.

"ஒங்களுக்கும் அப்பிடியே எழுதிரட்டா மேடம்?"

அவன் ஏளனம் செய்யவில்லை. உதவத்தான் நினைத்தான். அது அவளை இன்னும் கூச வைத்தது.

"வேண்டாம்பா."

பூவைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கருவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நிறுத்தத்தில் பூக்காரியின் மகள் ஒரு சரத்தைத் தூக்கிக் காட்டினாள். ஜெயக்கொடி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"நெருக்கமாத்தான் கட்டிருக்கேன்க்கா," என்றாள் அவள்.

ஜெயக்கொடி பேருந்தில் ஏறி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆலையில் கருவியைத் தட்டின் மேல் பிடித்தாள். சிவப்பு. மெஷின் ரிப்பேரா என்று குருவையா சிரித்தார். அவள் வரிசையின் கடைசிக்குப் போய்க் குனிந்து பெயர் கேட்டாள். செல்லக்கனி. வயது ஒன்பது. வந்து ஒரு வருடம் ஆகிறது.

"போன மாசம் நான் வந்தப்பவே சொல்லியிருக்கலாம்லம்மா?"

செல்லக்கனி தாள் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"நீங்கதான் பாத்தீங்களே."

ஜெயக்கொடி நின்றபடியே படிவத்தை நிரப்பினாள். குழந்தை முதலில் காணப்பட்ட நாள் என்ற இடத்தில் போன மாதத் தேதியை எழுதினாள். குருவையா எட்டிப் பார்த்தார்.

"தேதி தப்பு மேடம்." அவர் குரல் தாழ்ந்தது. "அன்னிக்கு நீங்கதான சர்டிபிகேட் குடுத்தீங்க. ஒங்க வேலை போயிரும்."

"போகும்," என்றாள்.

இன்னொரு படிவத்தை எடுத்தாள். வேலை வாங்கியவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். இடம், பேருந்து நிறுத்தம். வேலை, பூக் கட்டுதல். வயது, ஒன்பது.

குழந்தையின் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. அவளுக்குத் தெரியவில்லை.