பாகீரதியின் கழுத்து

காலைக் காப்பி வேளையில் பாகீரதியின் கழுத்தைப் பற்றி மூன்று பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்று பேரில் பாகீரதி இல்லை. அவள் அடுப்படியில் நின்று அவர்களுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"முறிவெண்ணெயை இன்னும் ஒரு மண்டலம் தேய்க்கட்டும். பாலக்காட்டிலேர்ந்து வரவழைச்சதாக்கும்," என்றாள் மாமியார் விசாலாக்ஷி.

"எண்ணெயால என்ன ஆகும்? எங்க ஆபீஸ் சுப்ரமணியன் ஹோமியோபதி உருண்டை தின்னே எழுந்து நடந்தான்," என்றான் மைத்துனன் கிட்டு.

"அவனுக்குக் கால்லன்னா வலி," என்றான் கணவன் நாணு. "செங்கல்லைச் சுட்டு ஒத்தடம் குடுத்தா போறும்."

இரண்டு மாதமாக இதே கச்சேரி. எண்ணெயில் தலையணை பாழாயிற்று. செங்கல்லில் ஒரு கொப்புளம் எழுந்தது. உருண்டை இனித்தது, அவ்வளவுதான். எல்லாருக்கும் ஆளுக்கொரு வைத்தியம் இருந்தது. ஒருவரும் அந்தக் குடத்தைப் பார்க்கவில்லை.

பம்பாய் மாட்டுங்காவில் அவர்கள் இருந்தது மூன்றாம் மாடி. சமையலறையிலேயே குழாய் உண்டு, திருகினால் தண்ணீர் கொட்டும். ஆனால் குழாய்க்குள் தோல் வாசர் இருக்கிறதாம். மாட்டுத்தோலில் பட்ட தண்ணீர் மடிக்கு ஆகாது. குடிக்க ஆகாது, சமைக்க ஆகாது. ஆகவே பின்சந்துக் கிணற்றிலிருந்து தினம் நாலு குடம். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று இரண்டு நடை. ஐம்பத்துநாலு படி. பதினோரு வருஷமாகப் பாகீரதி சுமக்கிறாள்.

காப்பியைக் கொண்டுவந்து வைக்கும்போது டபரா நழுவி உருண்டது. அது கையில் இல்லை என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"கவனம் எங்கேடி இருக்கு?" என்றாள் விசாலாக்ஷி.

"கவனம் இருக்கு, அம்மா. விரல்தான் இல்லை. இடது கை மரத்துப்போறது. நேத்து மாஹிமுக்குப் போய், எலும்பு கட்டற ராபியாம்மாகிட்ட காட்டினேன்."

நாணு தம்ளரைக் கீழே வைத்தான். விசாலாக்ஷி புடவையை ஒதுக்கிக்கொண்டாள்.

"அவ கை உன் கழுத்துல பட்டதா?"

"கழுத்து வலிக்குக் கழுத்துலதானே கை வெக்கணும்."

"ஆத்துல மூணு வைத்தியம் இருக்கறச்சே, உன் இஷ்டத்துக்குப் போனயா?" என்றான் நாணு.

"மூணும் உங்க இஷ்டம். கழுத்து என்னோடது... அவ மருந்தே குடுக்கலை. 'சிர் பே போஜா பந்த் கரோ'ன்னா, தலைச்சுமையை நிறுத்துன்னு. இன்னும் தலையில பாரம் ஏத்தினா இந்தக் கை திரும்ப வராதாம். இன்னிலேர்ந்து குழாய்த் தண்ணியிலதான் சமையல்."

"நான் செத்தப்புறம் திற அந்தக் குழாயை," என்றாள் விசாலாக்ஷி.

"ரேஷன் கடையில க்யூல நின்னு வாங்கறோமே, அந்த அரிசி எத்தனை கை தாண்டி வந்ததுன்னு ஒருநாள் கேட்டேளா? அதுக்கு மட்டும் மடி கண்ணை மூடிண்டுடுமா?"

விசாலாக்ஷி எழுந்தாள். குடத்தை எடுத்தாள். "பதினெட்டு வருஷம் சுமந்த தலை இது. இன்னிக்கும் சுமக்கும்."

"அம்மா, வேண்டாம்மா," என்றார்கள் பிள்ளைகள் இருவரும். பாசமாகத்தான் சொன்னார்கள், உட்கார்ந்தபடியே.

கால் மணி ஆயிற்று. அவள் வரவில்லை. பாகீரதிதான் இறங்கிப் போனாள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் விசாலாக்ஷி உட்கார்ந்திருந்தாள். குடம் கவிழ்ந்து, தண்ணீர் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்திருந்தாள்.

"அம்மா..."

தலை திரும்பவில்லை. அலமாரியை நகர்த்துவதுபோல முழு உடம்பும் திரும்பியது. கல்யாணமான நாளிலிருந்து பாகீரதி பார்த்த திரும்பல்தான் அது. கூப்பிட்டால் கழுத்தைக்கூடத் திருப்பாத கர்வம் என்றே நினைத்திருந்தாள்.

"உங்களுக்கும் திரும்பாதா?"

"நீ வரதுக்கு முந்தியே போயாச்சு."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா எண்ணெய்தானே குடுப்பா."

பாகீரதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "தெரிஞ்சுண்டேவா என் தலையில ஏத்தினேள்?"

விசாலாக்ஷியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "தெரிஞ்சுண்டேதான்... நீ முதல் குடம் தூக்கின அன்னிக்கு அப்பாடான்னு இருந்தது. பாவி நான்... என் தலையிலேர்ந்து இறக்கி வெக்க வேற யாரும் வரலையேடி."

அப்படியே விட்டுவிட்டுப் படியேறிவிடலாம் என்றுதான் பாகீரதிக்குத் தோன்றியது. முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வலது கையை மாமியாரின் பிடரியில் வைத்தாள். தன் கழுத்தில் இருக்கும் அதே முடிச்சு, அதே இடத்தில். விசாலாக்ஷி அவளுடைய மரத்த இடது கையை மடியில் இழுத்து, ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டாள். தோளோடு தோள் சாய்ந்து இருவரும் அழுதார்கள். பாகீரதி மன்னித்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கையை உருவிக்கொள்ளவும் இல்லை.

மேலே வந்ததும் நாணு கேட்டான். "தண்ணி எங்கே?"

"கொட்டித்து."

"அப்போ பாகீரதி இன்னொரு நடை..."

விசாலாக்ஷி உடம்பு முழுவதும் திருப்பி மகனைப் பார்த்தாள். "மடி வேணும்னா நீ போ, நாணு. நாலு குடம். தலையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. இல்லைன்னா அந்தக் குழாயைத் திற."

நாணு கிட்டுவைப் பார்த்தான். கிட்டு பேப்பரைப் பார்த்தான். கிணற்றுக்கு ஐம்பத்துநாலு படி, குழாய்க்கு நாலு அடி. நாணு நாலு அடி நடந்தான்.

முதல் தம்ளரை விசாலாக்ஷி கேட்டு வாங்கினாள். அண்ணாந்து குடிக்க அந்தக் கழுத்து என்றைக்கோ மறுத்துவிட்டது. இத்தனை வருஷம் நாலு பேர் எதிரில் காப்பியோ தண்ணீரோ குடிக்காமல் சமாளித்திருக்கிறாள். இன்று தம்ளரை உதட்டில் வைத்து, எச்சில் பண்ணி, எல்லார் முன்னாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.