அணைத்த பெட்டி

ஆம்பிளிஃபயரை அணைத்துவிட்டுத் திரும்பியவனுக்கு, ஏதோ இன்னும் மெல்ல இடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. காதில் அல்ல, காலில். வெளியே மழைச் சாயங்காலம். ஈரமண் வாசனையும் இன்னும் போகாத மரப்பசை நெடியும் கலந்து கிடந்த ஹாலில், அந்த இடிப்பு தரை ஓடு வழியாக உள்ளங்காலைத் தொட்டு முழங்கால்வரை ஏறியது.

தன் கையாலேயே செய்த ஸ்பீக்கர்கள் இரண்டு அங்கே நின்றன. சின்னக் கூம்பு கீச்சுக்கு, நடுத்தரக் கூம்பு மற்றதற்கு. எல்லாம் சரி, அடித்தொண்டை மட்டும் இல்லை. அந்தக் குறை தீரத்தான் மூன்றாவதாக, அடிச்சத்தத்துக்கென்றே இந்த பேஸ் பெட்டி: பலகை அறுத்து, காற்றுப் புகாமல் ஒட்டி, உள்ளே பஞ்சு திணித்து, முகத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுப்புக் காகிதக் கூம்பு. பிள்ளை பெறப்போவது மனைவி. மசக்கை என்னவோ உங்களுக்குத்தான் என்று அவள் கேலி செய்தாள்.

பெட்டி முதலில் ஒலித்த அன்று வயிற்றில் கைவைத்துச் சிரித்தாள். “என்னங்க, தாளம் தப்பாம உதைக்குது!” அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அதன்பின் தினமும் மதியம் பெட்டியோடு முதுகைச் சாய்த்து உட்கார ஆரம்பித்தாள். இடுப்பு வலிக்கு இதமாக இருக்கிறதாம்.

அவன் வேலை முடிந்து வரும்போதெல்லாம் பலகை வெதுவெதுப்பாக இருந்தது. தனியாக இருக்கும் ஆம்பிளிஃபயரோ ஜில்லென்று கிடந்தது.

“பாட்டு ஏதாவது போட்டுக் கேட்டியா?”

“இல்லையே. சும்மாதான் சாஞ்சிருந்தேன்.”

அவள் பொய் சொல்கிறவள் அல்ல. அதுதான் அவனை உறுத்தியது. மறைந்து நின்று அவளைக் கவனிக்கவும் தொடங்கினான். ஒருநாள் அவள் பெட்டியைத் தடவிக்கொடுப்பதைப் பார்த்தான்.

இன்றைக்குப் பொறுக்க முடியாமல், கூம்பு விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தான்.

“அடிச்சத்தம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு காதுக்குத் தெரியாது தம்பி. மாடியில மோட்டார் ஓடினாலும் பெட்டிதான்னு தோணும். வயரைக் கழட்டிட்டுப் பாருங்க.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கினான். இடித்தது. பெட்டியின் பின்னாலிருந்த இரண்டு வயர்களையும் கழற்றினான். இடித்தது. மாடி வீடு போன மாதமே காலி.

கூம்பின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

சூடு. துடிப்பு. ரொம்ப வேகமான துடிப்பு.

இதை அவன் முன்பே கேட்டிருக்கிறான். ஸ்கேன் அறையில். டாக்டர் மனைவியின் வயிற்றில் கருவியை வைத்ததும், குதிரை ஓடுவதுபோலக் கேட்டதே, அதே ஓட்டம். அன்றைக்குச் சந்தோஷத்தில் அழுதான். இன்றைக்குக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

“ஏங்க.”

படுக்கையறை வாசலில் மனைவி. முகம் வெளிறியிருந்தது.

“மத்தியானத்துலேருந்து அசைவே இல்லைங்க.”

“தூங்குதா இருக்கும்.”

“தண்ணி குடிச்சுப் பார்த்தேன். எடப்பக்கம் படுத்துப் பார்த்தேன். ஒண்ணுமே இல்ல.”

மண்டியிட்டு அவள் வயிற்றில் காதை வைத்தான். தன் பிள்ளையின் பெயரை இன்னும் முடிவு செய்யவில்லை என்பது, ஏனோ, அப்போது நினைவுக்கு வந்தது. ஓசை இல்லை. முதுகுக்குப் பின்னால் மட்டும் இடித்தது.

“கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்.”

அவள் நகரவில்லை. அவன் தலைக்கு மேலாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல முகம் தெளிந்தது. சிரித்தாள்.

“இதோ உதைக்குதே.”

வயிறு அசையவில்லை.

திரும்பினான். வயர் இல்லாத பெட்டி. கூம்பு முழுவதும் ஆடவில்லை. ஒரே ஓரத்தில், உள்ளிருந்து, கறுப்புக் காகிதத்தைத் தள்ளிக்கொண்டு, கட்டைவிரல் அளவுக்கு ஒரு குதிகால் புடைத்தது. மெதுவாக வழுக்கி நகர்ந்து நின்றது.