சாரல் படாத சுவர்

ஆனி பிறந்து பதினைந்து நாளாகச் சாரல் ஓயவில்லை. இலஞ்சியில் வீடுதோறும் சுவர்கள் ஊறிப் பாசி மணத்தன. கொடியில் கிடந்த வேட்டிகள் காயாமலே புளித்த வாடை வீசின. முன்னாள் மேஸ்திரி கடற்கரையின் வீட்டுக் கூடத்தில் மேற்குச் சுவர் மட்டும் கோடைப் பாறைபோல் உலர்ந்திருந்தது. காலையில் அதன்மேல் சாத்திய ஈரத்துண்டு, நடுப்பகலில் மொரமொரத்தது. சந்தேகம் தீர ஒரு செம்புத் தண்ணீரைச் சுவரில் ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டும் தரைக்கு வரவில்லை.

"ஊருக்கெல்லாம் பெய்யுத சாரலுக்கு ஒங்க வீடு மட்டும் வழி தெரியலையோ, பெரியப்பா?"

சத்யபிரியா சிரித்துக்கொண்டே குடையை வாசலில் சாய்த்துவிட்டு, நோட்டை மடியில் விரித்தாள். மூடிக்கிடக்கும் சிமெண்ட் ஆலையின் வரலாற்றைத் தொழிலாளர் சங்கம் புத்தகமாக்குகிறது. உழைத்தவர்களின் பெயர்களைத் திரட்டும் வேலை அவளுடையது. ஒரே ஒரு பெயருக்கு எதிரே கட்டம் வெறுமையாக இருந்தது. வேல்ராஜ். அவளுடைய அப்பா.

"செத்துட்டாருன்னு எழுதவா, எங்கனயோ போயிட்டாருன்னு எழுதவா? அம்மா இன்னும் பொட்டு வச்சிக்கிட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருக்கா. அன்னைக்கு நீங்கதான மேஸ்திரி?"

கடற்கரை மேற்குச் சுவரைப் பார்த்தார்.

இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன், சிமெண்டைக் கொட்டிவைக்கும் சைலோவுக்குள், ஓரங்களில் இறுகிய கட்டிகளை இடித்துவிட வேல்ராஜ் கடப்பாரையோடு இறங்கினான். உள்ளிருப்பவனுடைய குரல் கீழே வால்வைப் பிடித்திருப்பவனுக்கு எட்டாது, தட்டுதான் மொழி. இரண்டு தட்டினால், திற. மூன்று தட்டினால், திறக்காதே. திறந்தால் சிமெண்ட் சுழித்து இறங்கும். மேலே நிற்பவனையும் உள்ளிழுக்கும். அன்று மூன்று தட்டு கேட்டது. வெளியே லாரிகள் காத்து நின்றன. கடற்கரை அதை இரண்டென்று வைத்துக்கொண்டு, வால்வைத் திறந்தார்.

வருகைப் பதிவேட்டில் 'சொல்லாமல் சென்றான்' என்று எழுதியவரும் அவரே. சைலோ பழுதென்று பூட்டவைத்தார். சில மாதங்களில் ஆலையே பூட்டிக்கொண்டது. அன்று இறங்கிய மூட்டைகளில் சில, ஊழியர் சலுகையில் வந்து, இந்த மேற்குச் சுவராயின.

"ஓடிட்டாம்மா. கேரளாவுக்குன்னு பேச்சு" என்றார்.

பேனா தாளில் உரசும் ஒலி நெடுநேரம் கேட்டது.

"அப்ப அப்படியே எழுதிக்கிடுதேன். அம்மாட்ட மட்டும் நீங்களே வந்து சொல்லிருங்க. நான் சொன்னா வாரியலத் தூக்கிட்டு அடிக்க வந்துருவா."

அவள் எழுந்து வாசலுக்கு இறங்கினாள். கதவு சாத்திக்கொண்டது. மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. மேகம் இறங்கிக் கூடம் இருண்டபோது, அவர் தோளில் ஏதோ மெல்ல உதிர்ந்தது, தொட்டார், மாவுபோல் நயமான சாம்பல்நிறத் தூள். வெதுவெதுப்பாக இருந்தது. அரைத்து இறங்கிய புதுச் சிமெண்டுக்குத்தான் அந்தச் சூடு உண்டு என்பதை அவர் அறிவார்.

சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. உதிர்ந்தும் குறையவில்லை.

கணுக்கால் மறைந்தது. கதவை நோக்கி ஓடினார். உட்பக்கம் திறக்கும் கதவு, குவிந்த தூளில் புதைந்து அசைய மறுத்தது. முழங்கால். இடுப்பு. சன்னலுக்கு வெளியே சத்யபிரியா குடையை விரித்துக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தார். 'உங்கப்பன்' என்ற சொல் பாதியில் நின்றது. நாக்கு இறுகிவிட்டிருந்தது.

நெஞ்சுவரை.

கையை மட்டும் தூக்க முடிந்தது. சுவரில் தட்டினார்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

குடை விரியும் ஓசை நின்றது.

"தட்டுனியளா, பெரியப்பா?" சாரலினூடே அவள் குரல் தெளிவாக வந்தது. "ரெண்டு தட்டு கேட்டுச்சே."

அவர் காலடியில், மிக ஆழத்தில், துருவேறிய வால்வு கிறீச்சிட்டுத் திரும்பியது.